ஜென்சியின் விக்கல்

டிவி கம்பெனி மேனேஜர் ஆசீர், பாலக்கரையில் வியாகுலம்மாளின் வீட்டுக்கு நேரிலேயே வந்துவிட்டார். போனில் கூப்பிட்டால் அவள் எடுக்கமாட்டாள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"உங்க தங்கச்சி ஜென்சிக்கு இந்த வருஷம் சிறந்த நகைச்சுவை நடிகை அவார்டு குடுக்கறோம்மா. விழாவும் நம்ம திருச்சியிலதான். குடும்பத்துலேர்ந்து நீங்க மேடைக்கு வந்து வாங்கிக்கணும்."

"அவ செத்து எட்டு மாசம் ஆச்சுங்க."

"அதனாலதாம்மா..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உண்மையைத்தானே சொல்ல வந்தார், பாவம். உயிரோடு இருந்தபோது ஆறு தடவை பட்டியலில் ஜென்சியின் பெயரைப் போட்டார்கள். ஆறு தடவையும் வேறு யாருக்கோ கொடுத்தார்கள். உறையைப் பிரிக்கிற நேரம் கேமரா அவள் முகத்துக்குப் போகும். இன்னொருத்தியின் பெயர் வந்ததும் முதல் ஆளாக எழுந்து கை தட்டுவாள். வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருக்கும். பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு இரண்டு பாஸ் உண்டு. அதில் ஒன்று ஒவ்வொரு தடவையும் கூரியரில் பாலக்கரைக்கு வந்தது. வியாகுலம் அந்த உறைகளைப் பிரிக்கவே இல்லை. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஆறு விழாவையும் டிவியில் பார்த்தாள்.

"நான் வரலைங்க," என்றாள் இப்போதும்.

"அப்படின்னா சீரியல் தயாரிப்பாளர்தாம்மா வாங்கிப்பாரு. எதுக்கும் வெள்ளிக்கெழமைக்குள்ள யோசிச்சு சொல்லுங்க," என்று ஆசீர் கிளம்பிப் போனார்.

வியாகுலத்தின் கோபம் பதினோரு வருஷத்துக் கோபம். அவளுக்கு ஒரு கோளாறு உண்டு. அழுகை வந்தால் கூடவே விக்கல் வந்துவிடும். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அப்பா பாக்கியநாதன் இறந்த அன்று, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா" என்று வாய்விட்டு அழுதாள். ஒவ்வொரு "அப்பா"வையும் விக்கல் இரண்டாக வெட்டியது. முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பெரியவர்களே முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். துக்க வீட்டில் சிரிப்பு வந்தால் அதை அடக்குவது லேசில்லை. வியாகுலம் எழுந்து சமையலறைக்குப் போய், சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். ஜென்சியோ பெட்டியின் தலைமாட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் நின்றாள்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த அதே வாரம், ஜென்சி நடிக்கும் சீரியலில் ஒரு காட்சி வந்தது. மாமனார் இறந்துபோகிறார். மருமகளாக நடிக்கும் ஜென்சி பொய்யாக அழப் பார்க்கிறாள். அழ வாயைத் திறக்கும்போதெல்லாம் விக்கல். ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. மீன் மார்க்கெட்டில் ஒருத்தி வியாகுலத்தைப் பிடித்து நிறுத்தி, "ஒங்க தங்கச்சி ஒங்கள அப்படியே உரிச்சு வச்சிட்டாளே!" என்று பாராட்டு வேறு சொன்னாள்.

அன்றே ஜென்சிக்குப் போன் போட்டாள் வியாகுலம். "அப்பா சாவுல நான் அழுததையா வித்துத் தின்னுட்டே? இனிமே எனக்குத் தங்கச்சின்னு யாரும் கெடையாது."

"அக்கா, அது வந்து..." என்றாள் ஜென்சி. வியாகுலம் போனை வைத்துவிட்டாள்.

பிறகு ஜென்சி நேரில் வந்து கதவைத் தட்டினாள். கதவு திறக்கவில்லை. பத்து வருஷம் கழித்துப் புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்து வியாகுலம் ஓடியபோது ஜென்சிக்கு நினைவு தப்பியிருந்தது. அடக்கத்தின்போது வியாகுலம் அழவில்லை. அழுதால் விக்கும். விக்கினால் வந்திருக்கிற சினிமாக்காரக் கூட்டம் சிரிக்கும். கல்நெஞ்சுக்காரி என்று காதுபடவே பேசினார்கள். எட்டு மாசமாக அந்த அழுகை தொண்டையிலேயே நின்றது.

அவார்டு யாரோ ஒரு தயாரிப்பாளர் வீட்டு அலமாரிக்குப் போவதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. வியாழக்கிழமை காலை பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் போனாள். அடையவளைஞ்சான் வீதியில் ஒரு மாடி வீட்டில் பானுமதி இருந்தாள். பன்னிரண்டு வருஷம் ஜென்சிக்கு மேக்கப் போட்டவள். கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவளும் அவள்தான்.

"நீங்க போய் வாங்கிக்கிடுங்க பானு. அவகூட இருந்தது நீங்கதானே."

"நல்லாருக்கே! கூடப் பொறந்தவங்க நீங்க இருக்கறப்போ நான் போய் நிக்கறதா?"

"அந்த விக்கலுக்குத்தானே குடுக்கறாங்க. அதை நான் எப்படிக் கையால வாங்குவேன்? எங்கப்பாவுக்கு நான் அழுதத, இவ பாத்து, அப்படியே நடிச்சுக் காட்டி..."

பானுமதி காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "என்னக்கா சொல்றீங்க? அது நடிப்பே இல்லியே."

"நடிப்பு இல்லியா?" என்றாள் வியாகுலம்.

"அன்னிக்கு மாமனாரா படுத்திருந்தவருக்குக் கால் கட்டைவெரல ரெண்டையும் சேத்துக் கட்டியிருந்தாங்க. அதப் பாத்ததும் ஜென்சிக்கு உங்கப்பா நெனப்பு வந்துடுச்சு. நெசமாவே அழுதுட்டா. விக்கலும் நெசமா வந்ததுதான். எல்லாரும் சிரிச்சாங்க. டைரக்டர் கட் சொல்லாம அப்படியே எடுத்துட்டாரு. முடிஞ்சதும் என் மடியில படுத்து இன்னும் அரை மணி நேரம் அழுதா. 'அக்காவுக்கு வர்றது எனக்கும் வருது பானு, இத்தன நாளு எனக்கே தெரியல'ன்னா. அப்புறம் வாராவாரம் அதையே கேட்டாங்க. அப்பாவ நெனச்சாத்தான் அது வரும்னு சொல்லுவா."

"இத ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

"நீங்க பேசாம இருந்தது இதுக்குத்தான்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? அக்காவுக்குக் கோவம்னு சொல்லுவா, அவ்ளோதான். என்ன கோவம்னு கேட்டா சிரிப்பா."

ஆமாம், சிரிப்பாள். அடித்தால்கூடச் சிரிக்கிற பிள்ளை அது. ஏன் அப்படி ஆனாள் என்பது உலகத்தில் வியாகுலம் ஒருத்திக்குத்தான் தெரியும். ஜென்சிக்கு இரண்டு வயசாக இருக்கும்போது அம்மா போய்விட்டாள். வியாகுலத்துக்கு அப்போது பதினொன்று. அம்மா வேணும் என்று குழந்தை வாயைக் கோணினாலே இவள் அதன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவாள். "அழாதடி கண்ணு. நீ அழுதா எனக்கும் அழுகை வரும், எனக்கு விக்கல் வந்துடும். சிரி, அக்காவுக்காகச் சிரி." அந்தப் பிள்ளை சிரித்தது. அக்காவுக்காக அழுகையையே விட்டுவிட்டது. அதைப் போய்த் திருடி என்று பதினோரு வருஷம் சொல்லிவிட்டோமே என்று வியாகுலம் நினைத்தாள். அங்கேயும் அவளுக்கு அழுகை வரவில்லை. ஆசீரின் நம்பரை மட்டும் பானுமதியிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆசீர் அவளைக் கைபிடித்து மேடையேற்றினார். முன்வரிசையில் பானுமதி இருந்தாள். பெரிய திரையில் அந்தக் காட்சியைப் போட்டார்கள். வியாகுலம் அதை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அரங்கம் குலுங்கிச் சிரித்தது. திரையில் அவள் தங்கை அப்பாவுக்காக அழுதுகொண்டிருந்தாள். அத்தனை ஆயிரம் பேரில் அது அழுகை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

விருதைக் கையில் கொடுத்து, மைக்கை வாயருகே நீட்டினார்கள்.

"எந் தங்கச்சி..." என்றாள் வியாகுலம். விக்கல் வந்தது.

ஒரு நொடி அரங்கம் அடங்கியது. அடுத்த நொடி விசில் பறந்தது. "அக்காவும் சும்மா இல்ல போலிருக்கே! குடும்பமே காமெடிக் குடும்பம்!" என்றான் தொகுப்பாளன்.

வியாகுலம் தலைப்பை வாயில் திணிக்கவில்லை. எட்டு மாசம் நின்றுபோயிருந்த அழுகை மொத்தமாக வந்தது. அவள் அதைத் தடுக்கவில்லை.

"இது நடிப்பு... இல்லைங்க. எங்க ரெண்டு பேருக்கும்... அழுதா... இப்பிடித்தாங்க வரும்."

முன்வரிசையில் சிலர் சிரிப்பை நிறுத்தினார்கள். பானுமதி எழுந்து மேடைப் படியை நோக்கி ஓடி வந்தாள். பின்னால் இருந்தவர்கள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கத்தினார்கள். வியாகுலம் இன்னொரு தடவையும் அழுதாள்.