எதிரே நிற்பவர்களின் வலது

"வலது கையைத் தூக்குங்கம்மா" என்றார் டாக்டர்.

எதிர் நாற்காலியில் இருந்த டீச்சர் தூக்கினாள். தோள் காதை உரச, முழங்கை மடங்காமல், விரல் நுனி வரை நேராக. அறுபதைத் தாண்டிய அந்த வயதில் பாதிப்பேருக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டவே கை பின்னால் போகாது. டீச்சர் தூக்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, தூக்கியது இடது கை என்பதைத் தவிர.

டாக்டர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "சரி, இப்ப வலது கையால இடது காதைத் தொடுங்க" என்றார். டீச்சர் இடது கையால் வலது காதைத் தொட்டாள். அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல் இழுத்து இழுத்து இன்னொரு முறை சொன்னார். டீச்சரும் அதே தப்பை அதே நிதானத்தோடு இன்னொரு முறை செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கைப்பை ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அதுவரை எல்லாம் ஜோராகத்தான் போனது. கிழமை சொன்னாள், மாசம் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னதற்கு, டாக்டரே போதும் என்கிற வரைக்கும் குறைத்துக்கொண்டே போனாள். கடிகாரம் வரைந்து முள் வைத்தாள். பிரஷர் பார்த்த நர்ஸ், "எனக்கே இவ்வளவு நல்லா இல்ல" என்று சிரித்தாள். கடைசியில் இந்தக் கை வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

"வலது இடது குழம்புறாங்க. அடுப்பை அணைக்க மறந்தாங்கன்னும் சொல்றீங்க" என்றார் டாக்டர், டீச்சரை விட்டுவிட்டு மகளிடம். "ஆரம்பமாகவும் இருக்கலாம், ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேன் எடுத்துப் பாத்துடுவோம். அதுவரைக்கும் தனியா விடாதீங்க."

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. ஏழு மாடிக் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் காலை வேளையில் யோகா சொல்லிக்கொடுக்கிறவள். தலை நரைக்காத காலத்தில் ஆரம்பித்தது. கூடத்துக் கதவில் 'எந்த வயதிலும் யோகா' என்று எழுதி, அதற்குக் கீழே முதுகுவலி, மூட்டுவலி, தூக்கமின்மை, மலச்சிக்கல், மனக்கவலை என்று யோகாவால் போகிறவற்றையெல்லாம் வரிசையாகப் போட்டிருக்கும். அவள் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. "எந்த வயசுலயும் பண்ணலாம்னு நீதானே எழுதி வச்சிருக்க? நான் அடுத்த வயசுல பண்றேன்" என்பார். அச்சாபீஸில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

டீச்சர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள், சாவி எங்கே சட்டை எங்கே என்று கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். பாதிப்பேர், யோகா பண்ணுகிறவள் அல்லவா, மனசு அடக்கம் என்றார்கள். மீதிப்பேர், பாறாங்கல் என்றார்கள். இரண்டும் அவள் காதில் விழத்தான் செய்தது. இரண்டில் எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. மண்டி போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினால் யார் காலையோ கிள்ளுவதுபோல் இருக்குமே, அந்த மாதிரி இருந்தது. காலென்றால் நீட்டி உதறிவிடலாம். இதை எங்கே நீட்டுவது, எதை உதறுவது? மகளும் பத்து நாள் போலப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். "அம்மாவுக்கு என்ன, இரும்பு மாதிரி இருக்காங்க" என்று போனில் யாரிடமோ சொல்லிவிட்டு, ஆபீஸ் இருக்கிறது என்று தன் ஊருக்குக் கிளம்பிப் போனாள்.

இரும்பு தினமும் எழுந்தது. பல் தேய்த்தது, கீழே போய் வகுப்பு எடுத்தது, மேலே வந்து தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி தின்றது. படுத்தால் தூக்கமும் வந்தது. சனியன், அதுகூட வராமல் இருக்கவில்லை. யோகா செய்தால் இதெல்லாம் நடக்கும் என்று அவளே கதவில் எழுதிப் போட்டதுதான். யாரிடம் போய்க் குறை சொல்வது?

போன வாரம் மகள் வந்து இறங்கியபோது வீடெல்லாம் புகை. அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிக்கொண்டிருந்தது. "மறந்துட்டியாம்மா?" என்று மகள் பதறினாள். "ம்" என்றாள் டீச்சர். அவள் மறக்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். பால் பொங்கியதைப் பார்த்தாள், வழிந்ததைப் பார்த்தாள், பாத்திரம் கருத்ததையும் பார்த்தாள். கையை நீட்டி அணைக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். இதை எப்படிச் சொல்வது? மறந்துவிட்டேன் என்பது எவ்வளவோ சுலபம். அதை நம்பித்தான் மகள் டாக்டரிடம் நாள் வாங்கினாள்.

ஸ்கேனுக்கு எழுதி வாங்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்து வராந்தா பெஞ்சுகளில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மகள் அழுதுகொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள், பத்துப் பேரை வேலை வாங்குகிறவள், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். கண் மை கன்னத்தில் இழுபட்டிருந்தது.

"இடது கன்னத்துல மை, துடை" என்றாள் டீச்சர். சொன்னபடியே தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். தொட்டது வலது கன்னம்.

விரல் கன்னத்திலேயே நின்றுவிட்டது. அட கடவுளே, இதுதானா!

எத்தனை வருஷமாக வகுப்புக்கு முன்னால் முகம் காட்டி நின்றிருக்கிறாள்! முன்னால் நிற்கிறவள் வலது என்று சொல்லித் தன் வலதைத் தூக்கினால், எதிரே நிற்கிறவர்கள் அதைப் பார்த்து இடதைத் தூக்குவார்கள். அதனால் வாய் வலது என்னும், கை இடதைத் தூக்கும். ஆரம்பத்தில் கஷ்டப்பட்டுப் பழகியது, பிறகு யோசிக்காமலே வந்தது. எதிரே ஒரு முகம் இருந்தால் போதும், அந்த முகத்துக்கு எது வலதோ அதுதான் அவளுக்கும் வலது. டாக்டர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் சரியாகத் தூக்கியிருப்பாள்.

சொல்லிவிட ஒரு நிமிஷம் போதும். உள்ளே போய், டாக்டர், இது என் தொழில் புத்தி என்றால் அவர் சிரித்தே விடுவார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போம்மா நீ, உசிரே போயிடுச்சு என்பாள். சாயங்காலமே ஊருக்கு டிக்கெட் போடுவாள்.

"இனிமே நீ என்கூடத்தான் இருக்கணும்" என்றாள் மகள், மூக்கைத் துடைத்தபடி. "வீட்டை வாடகைக்கு விட்டுடலாம். வகுப்பெல்லாம் போதும். நான் உன்னை விட மாட்டேம்மா."

தொண்டை வரைக்கும் வந்ததை டீச்சர் அப்படியே விழுங்கினாள். "சரி" என்றாள்.

அடுத்த சில நாட்களுக்கு அந்தச் 'சரி' வீட்டுக்குள் அலைந்தது. ஸ்கேனுக்கு அடுத்த மாதம்தான் நாள் கிடைத்தது. அதற்குள் அட்டைப்பெட்டிகள் வந்தன. மகள் ஒவ்வொன்றாக எடுத்து, இது வேணுமா வேண்டாமா என்று கேட்டாள். டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மகள் அவளைக் குளியலறைக் கதவைத் தாழ் போட விடவில்லை, கத்தியை எடுக்க விடவில்லை. போனில் புருஷனிடம் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு மூளைல ஏதோ..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தினாள். பக்கத்து அறையில் டீச்சருக்கு அது கேட்டது. பெற்ற பிள்ளையை இப்படிப் பயமுறுத்துகிறோமே, பாவி என்று தன்னைத் திட்டிக்கொண்டாள். அந்தத் திட்டும் உள்ளே போய் உறைக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். மறுநாளும் வாய் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போனால் வீடும் கூடமும் கையை விட்டுப் போய்விடும், புத்தி பேதலித்த கிழவி என்ற பெயர் மட்டும் கூடவே வரும். எல்லாம் தெரிந்தேதான் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

கடைசி வகுப்பு என்று சொல்லியிருந்ததால் அன்றைக்குக் கூடம் நிறைந்திருந்தது. கழுத்துவலிக்கு வந்து, கழுத்துவலி போன பிறகும் வந்துகொண்டிருக்கிற தையல்காரம்மா. ஏழு மாதக் கர்ப்பத்தோடு வங்கிக்காரப் பெண். முன்வரிசையில், எண்பதைத் தாண்டிய நாற்காலி ஐயா. எல்லா ஆசனத்தையும் நாற்காலியில் உட்கார்ந்தே செய்வதால் வந்த பெயர் அது. "டீச்சர், நீங்க போயிட்டா நான் யாரை நம்பி மூச்சு விடுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கர்ப்பிணிப் பெண்ணைத் தவிர. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மகளும் கூடவே இறங்கி வந்திருந்தாள். லிஃப்டில்கூட அம்மாவைத் தனியே விடுவதாக இல்லை. பின்சுவரில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவளை நாற்காலி ஐயா விடவில்லை. "ஏம்மா, சுவரைத் தாங்கிப் பிடிச்சது போதும். நீயும் வந்து நில்லு. வாத்தியார் பிள்ளை மக்குன்னு ஊர் சொல்லும்." மகள் சின்ன வயதிலிருந்தே இந்தக் கூடத்துக்கு டிமிக்கி கொடுத்தவள். அன்றைக்கு வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் வந்து நின்றாள்.

"கால் ரெண்டும் சேர்த்து வைங்க" என்றாள் டீச்சர். "மூச்சை இழுத்துக்கிட்டே வலது கையை மேல தூக்குங்க. அப்படியே நிறுத்துங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. டீச்சரின் கையும் எழுந்தது. மகள் தூக்கிய தன் கையைப் பார்த்தாள், முன்னால் நிற்கிற அம்மாவைப் பார்த்தாள். பக்கத்துப் பெண்ணின் கையைப் பார்த்துவிட்டு மறுபடி அம்மாவைப் பார்த்தாள். மகளின் கை மெல்லக் கீழே இறங்கியது. யோகா விரிப்புகளுக்கு நடுவே வழி பார்த்து, யாரையும் மிதிக்காமல், நேராக முன்னால் வந்தாள்.

"அம்மா, இது எந்தக் கை?"

டீச்சர் நிமிர்ந்து தன் கையைப் பார்த்தாள். "இடது."

"வாய் என்ன சொல்லுச்சு?"

"வலது."

"டாக்டர்கிட்டயும் இதேதானா?"

"ம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அங்கயே. நீ அழுதுட்டு இருந்த பாரு, அப்பவே தெரிஞ்சிடுச்சு."

மகளுக்கு முகம் சிவந்தது. "தெரிஞ்சுமா? நான் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? இதைச் சொல்ல வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஏம்மா சொல்லல?"

டீச்சர் வாயைத் திறந்தாள். வந்தது அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை கேட்காத குரல்.

"நல்லா இருக்கிறவளை யாருடி கூட்டிட்டுப் போவா? போன தடவை நல்லா இருந்தேன்னுதானே விட்டுட்டுப் போன? அங்க மேல போனா என் மூச்சு சத்தம் மட்டும்தான் கேக்குது. ஊரெல்லாம் இழு, விடுன்னு சொல்லிட்டு, வீட்டுக்குப் போய் அதையேதான் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். உன்கூட வரேன்னு கேக்க எனக்குத் தெரியலடி. தலை கெட்டவள்னு நினைச்சாவது கூட்டிட்டுப் போவன்னு இருந்துட்டேன்."

மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். கூடத்தில் ஒருவரும் மூச்சு விடுவதாகத் தெரியவில்லை.

"டீச்சர்" என்றார் நாற்காலி ஐயா, தயங்கித் தயங்கி. "கையை இறக்கலாமா? தோள் கழண்டுடும்போல இருக்கு."

அப்போதுதான் டீச்சர் வகுப்பைப் பார்த்தாள். ஒருவரும் கையை இறக்கவில்லை. தையல்காரம்மாவின் கை நடுங்கியது. கர்ப்பிணிப் பெண் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மறு கையை உயர்த்தி வைத்திருந்தாள். இறக்குங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் டீச்சர் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டது, கன்னம் நனைந்தது. அவளுடைய கையும் மேலேயே நின்றது. அவள் சொல்வதற்காக அத்தனை பேரும் கையைத் தூக்கியபடி காத்திருந்தார்கள்.