நேரலையில் தெரிந்த தரை

பரமேஸ்வரன் ஆடியபோது, தொலைக்காட்சியில் அவரைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அவர் காலடியில் அவரவர் வளர்ந்த வீட்டின் தரை தெரிந்தது. ஒளிப்பதிவுக் கூடத்தில் விரித்திருந்தது பளபளக்கும் கறுப்பு விரிப்பு. ஆட்டப் போட்டியின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே கால் மணிக்கு காஜாங்கில் ஒரு பேருந்து ஓட்டுநர் அதே இடத்தில் விரிசல் விட்ட சிமெண்டைப் பார்த்தார். கிள்ளானில் ஒரு பல் மருத்துவர் மஞ்சள் பூப்போட்ட பிளாஸ்டிக் தரைவிரிப்பைப் பார்த்தார். அதில் இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணமும் இருந்தது. ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்த கணவனும் மனைவியும் வேறு வேறு தரையைப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டார்கள். நேரலையில் மட்டும்தான் இப்படி. மறு ஒளிபரப்பில் கறுப்பு விரிப்பு இருந்தது. திரையைக் கைப்பேசியில் படம் எடுத்தவர்களுக்கும் கறுப்பு விரிப்பே கிடைத்தது. மற்ற போட்டியாளர்கள் ஆடும்போது யாருக்கும் எதுவும் மாறவில்லை.

பரமேஸ்வரன் ஆட்டக்காரர் அல்ல. இருபத்தாறு வருடம் தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். மேசைக்கு மேலே கோட்டும் டையும், மேசைக்குக் கீழே கைலி. விளக்குகளின் வெக்கைக்கு அதுதான் தோதாக இருந்தது. அவருடைய முகம் தெரியாத தமிழர் நாட்டில் இல்லை. அவருடைய கால்களை வீட்டாரைத் தவிர யாரும் பார்த்ததில்லை. கையில் கொடுத்த தாளில் உள்ளதை உள்ளபடி வாசிப்பார், ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டார். ஒரே ஒரு முறை தவறினார். கிள்ளானில் தண்ணீர் சனிக்கிழமை திரும்ப வரும் என்று தாளில் இருந்ததை வியாழக்கிழமை என்று வாசித்துவிட்டார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தண்ணீர் வியாழக்கிழமை வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஓய்வு பெற்றபின் மனைவி வீரம்மாவோடு பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டின் ஐந்தாம் மாடியில் இருந்தார். மதியம் கீழே இருக்கும் வாழையிலைக் கடையில் சாப்பாடு. அங்கேதான் சாதிக் அவரைப் பிடித்தான். நட்சத்திரங்கள் ஆடும் போட்டி நிகழ்ச்சியின் தயாரிப்பாளன், முப்பத்தைந்து வயது. ஒப்பந்தத் தாள்களை இலைக்குப் பக்கத்தில் வைத்தான். தாளைக் கண்டதும் பரமேஸ்வரன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து உரக்க வாசிக்கத் தொடங்கினார். கடை அமைதியானது. ரசம் ஊற்ற வந்த கலியமூர்த்தி வாளியோடு நின்றுவிட்டான். பதினான்கு பக்கம். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. முடித்ததும் பரமேஸ்வரன் கையெழுத்துப் போட்டார். வாசிக்கும்போது பொருளைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. தொழிலில் அது இடைஞ்சல். நிகழ்ச்சியைத் தொகுத்து வாசிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

“காஸ்ட்யூம் அளவு சொல்லிடுங்க சார்.”

“கோட் போதும் தம்பி.”

“கோட்ட மட்டும் போட்டுக்கிட்டு எப்படி சார் ஆடுவீங்க?”

வாசித்தது வாசித்ததுதான் என்று அவர் பின்வாங்கவில்லை. ஆடினார். வலப்பக்கம் நான்கு அடி, இடப்பக்கம் நான்கு அடி, நடுவில் தாளைத் திருப்புவதுபோல் ஒரு கை. பாட்டு முடியும் நொடியில் சரியாக நின்றார். அது ஒன்றுதான் பழுதில்லாமல் இருந்தது. நடுவர்கள் பத்துக்கு இரண்டு கொடுத்தார்கள். ஓட்டு மலைபோல் வந்தது. இரண்டாம் வாரம் ஒரு பாடகர் வெளியேறினார், மூன்றாம் வாரம் ஒரு பூப்பந்து வீரர். ஆறாம் வாரத்துக்குள் இது நாட்டுப் பிரச்சினையானது. நாட்டிய ஆசிரியர்கள் தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் சலங்கையோடு நின்றார்கள். ஆடத் தெரியாதவரை எதற்காக ஆடவிடுகிறீர்கள் என்று பத்திரிகைக்கு எழுதினார்கள். தரை தெரிவது கணினி வேலை என்று ஒருவர் போலீசில் புகார் கொடுத்தார். அதிகாரி வந்து பார்த்தார், விரிப்பைச் சுருட்டிப் பார்த்தார், அடியில் சாதாரணத் தரை இருந்தது. மாலை நேரலையைக் கூடத்தில் இருந்த பெட்டியிலேயே பார்த்துவிட்டுப் புகாரை மூடினார். அவர் வளர்ந்தது கம்பத்தில், அதாவது கிராமத்தில், கால் நட்டுக் கட்டிய பலகை வீடு என்று பிறகு சொன்னார்கள்.

வாழையிலைக் கடையில் இடது வரிசை பரமேஸ்வரனுக்கும் வலது வரிசை ஆட்டத்துக்கும் என்று பிரிந்தது.

“ஆட்டப் போட்டின்னா ஆட்டம் வேணும் லா. நடக்கிறதுக்கு எதுக்கு போட்டி?” என்பார் வலப்பக்கத்துக்காரர் ஒருவர்.

“ஒனக்கு என்ன தரை தெரியுதுன்னு சொல்லிட்டு அப்புறம் பேசு அண்ணே.”

அவர் உடனே மோர் கேட்பார். கலியமூர்த்தி எந்தப் பக்கமும் சேரவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் இடித்துப்போட்ட வீடு தெரிந்தது. தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த அவனுக்கு இடிக்காத வீடு. ஐந்தாம் வாரம் அந்தத் தரையில் மூன்று சக்கர சைக்கிளின் ஈரத் தடம் வளைந்து போனதைப் பார்த்தான். உடனே ஊருக்கு அழைத்தான். ஆமாம், பாப்பா இப்போதுதான் சேற்றிலிருந்து சைக்கிளை வீட்டுக்குள் ஓட்டி வந்தாள், உங்களுக்கு யார் சொன்னது என்று மனைவி கேட்டாள். மறுநாள் பரமேஸ்வரனின் இலையில் அப்பளம் இரண்டாக இருந்தது. “நல்லா ஆடுங்க ஐயா,” என்றான்.

வீரம்மா வளர்ந்தது கிள்ளானில், தெங்கு கிளானா சாலையில், ஒரு மசாலா மில்லின் மாடியில். அங்கே பலகைத் தரை. இடுக்குகள் வழியாகக் கீழே மிளகாய் அரைக்கும் நெடி ஏறும். பிள்ளைகள் தும்மிக்கொண்டே பாடம் படிப்பார்கள். அவளுடைய தங்கை நல்லம்மாள் அந்தப் பலகையில் சாக்குக்கட்டியால் நொண்டிக் கட்டம் போட்டு வைத்திருந்தாள். எட்டுக் கட்டம், எட்டாவது மற்றவற்றைவிடப் பெரியது. ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். காரியம் முடிந்த அன்று யாரோ வீட்டைக் கழுவிவிட்டார்கள். இப்போது ஐம்பத்து மூன்று வருடம் கழித்து, கணவர் வலப்பக்கம் நான்கடி இடப்பக்கம் நான்கடி நடக்க, வீரம்மா எட்டுக் கட்டத்தையும் பார்த்தாள். மூன்று கைப்பேசிகளை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டாள். ஒன்று தன்னுடையது, ஒன்று கணவருடையது, மூன்றாவது பக்கத்து வீட்டுக்காரியிடம் இரவல் வாங்கியது.

பரமேஸ்வரனுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. ஆடிக்கொண்டே பக்கத்துத் திரையை ஓரக்கண்ணால் பார்ப்பார், கறுப்பு விரிப்பு. அவர் வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். சிவப்புச் சிமெண்ட். அது ஈரமாக இருந்தபோது நான்கு வயதில் அவர் ஒரு கால் வைத்துவிட்டார். அடுப்படி வாசலில் அந்தக் கால் பதிந்து, அப்பா ஓய்வு பெற்று அவர்கள் காலி செய்யும்வரை இருந்தது. அந்த இடத்தில் இன்று இருபது மாடிக் கட்டடம். ஓட்டுப் போட்டவர்கள் கடையில் வந்து தங்கள் தரையைச் சொல்வார்கள். அவர் செய்தி கேட்பதுபோல் கேட்டுக்கொள்வார்.

அரையிறுதிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை குமுதா வீட்டுக்கு வந்தாள். பதினோரு வருடமாகத் தொடர்களில் அழும் மருமகளாக நடிப்பவள். ஆறு வயதிலிருந்து பரதம் கற்றவள், போட்டிக்கு முன் அது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வாரமும் நடுவர்கள் அவளுக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார்கள், ஒவ்வொரு வாரமும் கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக நின்று தப்பினாள். வீரம்மா தேநீர் கொடுத்தாள். குமுதா காலை நீட்டி உட்கார்ந்தாள். முட்டியில் பட்டை கட்டியிருந்தது.

“இந்த வருஷத்தோட ஆட்டத்த நிறுத்திடணும்னு டாக்டர் சொல்லிட்டார் அங்கிள். ஒரே ஒரு ஃபைனல். அதுல ஆடிட்டா போதும். ஜெயிக்கணும்னுகூட இல்ல.”

“நான் யாரையும் ஓட்டுப் போடச் சொல்லலையேம்மா.”

“தெரியும் அங்கிள். சண்டை போடத்தான் வந்தேன். வந்தா சண்டை வரல.” தேநீரை ஊதினாள். “எனக்கும் தெரியுது. மேடைக்குப் பக்கத்துல நின்னு டிவியில பாக்கிறேன்ல. எங்க பழைய வீட்டு மொசைக்கு. அதான் இன்னும் கோவம். போன வாரம் நானே உங்களுக்கு ஓட்டு போட்டுட்டேன் லா.”

வீரம்மா சிரித்துவிட்டாள். குமுதாவும் சிரித்தாள். சிரித்து முடித்து எழுந்தபோது முட்டி மடங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு லிப்ட்வரை போனாள். கதவை மூடிவிட்டு வந்து வீரம்மா தேநீர்க் குவளைகளைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் கிளம்பும்போது வாசலில் வந்து நின்றாள்.

“ஏங்க, இன்னைக்கு எந்தப் பக்கம் ஆடுவீங்க?”

“ரெண்டு பக்கமும்தான்.”

“இடது பக்கம் போகாதீங்க. அவ கட்டம் அங்கதான் இருக்கு. போன வாரம் மிதிச்சிட்டீங்க, ஆறாவது கொஞ்சம் அழிஞ்சுபோச்சு.”

அன்று பரமேஸ்வரன் வலப்பக்கம் மட்டும் ஆடினார். எட்டடி போய் எட்டடி வந்தார். ஒரு நடுவர் இது ஆட்டத்துக்கு அவமானம் என்று சொல்லி ஒன்று கொடுத்தார். பிறகு குமுதா ஆடினாள். பாதியில் ஒரு முறை முகம் சுருங்கியது, தாளம் தவறவில்லை.

முடிவை அறிவிக்க சாதிக் ஒரு புதுமை செய்திருந்தான். பழைய செய்தி மேசையை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து மேடையில் போட்டிருந்தான். மூன்று பேரில் யார் வெளியேறுகிறார் என்பதைப் பரமேஸ்வரனே பழைய குரலில் வாசிக்க வேண்டும். அவர் உடை மாற்றிக்கொண்டு வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கோட்டு, டை. உறையைப் பிரித்தார். தாளில் குமுதா என்று இருந்தது. கேமராவுக்குப் பின்னால் குமுதா ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றுகொண்டிருந்தாள். பரமேஸ்வரன் இரண்டு நொடி தாமதித்தார். இருபத்தாறு வருடத்தில் அவர் அப்படித் தாமதித்ததில்லை. அந்த இரண்டு நொடியில் ஆறாவது கட்டம் அழிந்த பலகைத் தரையை நினைத்துக்கொண்டார். அவர் அதைப் பார்த்ததே இல்லை.

“இன்று போட்டியிலிருந்து வெளியேறுபவர், பரமேஸ்வரன். செய்திகள் இத்துடன் முடிவடைந்தன. வணக்கம்.”

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒருவரும் சந்தேகப்படவில்லை. அந்தக் குரலில் பொய் வந்து யாரும் கேட்டதில்லை. சாதிக் ஓடிவந்து தாளை வாங்கிப் பார்த்தான். அதில் பரமேஸ்வரன் என்று இருந்தது. மேலே போய்க் கணினியைப் பார்த்தான், அங்கேயும் அவர் பெயரே கடைசியில், பதினேழு ஓட்டுக் குறைவு. கீழே வந்தபோது பரமேஸ்வரன் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து நடந்துகொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் கோட்டுக்குக் கீழே கட்டம் போட்ட கைலி. கேமரா அதையும் காட்டியது. அடுத்த இரண்டு வாரம் பத்திரிகைகள் கைலியைப் பற்றி எழுதின. தரைப் பிரச்சினை அதோடு அடங்கியது.

இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டார். கதவு திறந்திருந்தது.

“பேர மாத்தி வாசிச்சீங்களா?” வீரம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

“ஆமா.”

“எனக்குத் தெரியும். மூச்சு வாங்குனீங்க. சரி வாங்க. செருப்ப வெளியவே கழட்டுங்க.”

அவர் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தார். இரண்டாயிரத்துப் பதினொன்றில் போட்ட வெள்ளை டைல்ஸ் இல்லை. அடுப்படியிலிருந்து சோபாவரை சிவப்புச் சிமெண்ட். சோபாவிலிருந்து ஜன்னல்வரை பலகை. இரண்டும் சோபாவுக்கு அடியில் நேர்க்கோட்டில் சேர்ந்திருந்தன. கொத்தனார் வேலை சுத்தம். அடுப்படி வாசலில் நான்கு வயதுக் கால் பதிந்திருந்தது. பரமேஸ்வரன் அதற்குப் பக்கத்தில் தன் காலை வைத்துப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பலகைப் பக்கம் வீரம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள், கட்டங்களுக்கு வெளியே.

அடுத்த ஞாயிறு இறுதிச்சுற்றில் குமுதா ஆடினாள். கறுப்பு விரிப்புதான். அன்று யாரும் தரையைப் பார்க்கவில்லை. அவள் வென்றாள், கோப்பையை ஊன்றிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள், அதற்குப் பிறகு ஆடவில்லை. இப்போது மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து சிவப்புச் சிமெண்டில் காலை நீட்டி உட்கார்கிறாள். முட்டிக்கு அந்தக் குளிர்ச்சி நல்லது என்கிறாள். கலியமூர்த்தி பெர்மிட் முடிந்து ஊருக்குப் போகும் முன் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் சம்மதித்தாரா ஐயா என்று மட்டும் கேட்டான். நான்காம் மாடிச் சீனக் குடும்பம் காலையில் தும்முகிறது. மேலேயிருந்து மிளகாய் நெடி வருகிறது என்று நிர்வாகத்துக்கு எழுதினார்கள். நிர்வாகம் வந்து பார்த்து, கட்டடம் பழசு, இடுக்கு இருக்கும் என்று பதில் போட்டது. வீட்டு வேலை பிரித்துக்கொண்டாயிற்று. சிமெண்ட் பக்கத்தை வெள்ளிக்கிழமைதோறும் பரமேஸ்வரன் தண்ணீர் விட்டுத் தேய்க்கிறார். பலகைப் பக்கத்தை வீரம்மா பெருக்குவதோடு சரி. கழுவுவதில்லை.