மூன்றாவது கையெழுத்து

1

இந்தக் கதையை ஒரு சிறைப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். வீட்டில் வேறு தாள் இல்லை. எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் மூன்று பேர் அதில் கையெழுத்திட்டால் ஆறாம் மாடி அக்காவின் தம்பியை முன்கூட்டியே விடுவார்கள். இல்லையென்றால் இன்னும் பதினோரு மாதம். இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். மூன்றாவது நான். நாளை கடைசி நாள்.

2

முதல் தொடக்கம்: 'ஒரு குற்றவாளியைப் போலத் தலைகுனிந்து நின்ற லிஃப்ட்...'

(வேண்டாம். லிஃப்ட் என்ன செய்தது?)

அக்காவின் தம்பிதான் கட்டடத்தின் மராமத்துக்காரன். லிஃப்ட், குழாய், பூட்டு எல்லாம் அவன் கைதான். மாற்றுச்சாவிகளும் அவனிடமே இருந்தன. அவற்றை வைத்து நான்கு வீடுகளைத் திறந்து திருடினான். அவன் ஜெயிலுக்குப் போனதும் லிஃப்ட் நின்றது. நான்கு வருடமாகப் படியில் ஏறி இறங்குகிறோம்.

குடியிருப்போர் கூட்டத்தில் மூன்றாம் மாடிக்காரர் சொன்னார்: "லிஃப்டை அவன்தான் சரி பண்ணணும். ஆனா அவன் இங்க வரக்கூடாது."

"அப்ப லிஃப்டை ஜெயிலுக்கு அனுப்பிடலாமா சார்?" என்றாள் அக்கா.

3

நான்காவது வீடு என்னுடையது. அப்போது இரவு வேலை; பகலில் பிணம்போலத் தூங்குவேன். அன்று அடுப்பில் பால் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். எழுந்தபோது பாத்திரம் கருகியிருந்தது, அடுப்பை யாரோ அணைத்திருந்தார்கள், ரேடியோ இல்லை.

(திருடனை நல்லவனாக்கும் மலிவான உத்தி. இந்த வரியை அடித்துவிடலாம். ஆனால் நடந்தது.)

நீதிமன்றத்தில் ரேடியோவைப் பற்றிச் சொன்னேன். அடுப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

4

முடிவு அ: அவன் வருகிறான். பயத்தில் எல்லோரும் பூட்டை மாற்றுகிறார்கள். மாற்றிக் கொடுப்பவன் அவனே.

முடிவு ஆ: விடுதலைக்கு முந்தின நாள் அவன்

இந்த இடத்தில் அக்கா வந்து படிவத்தைப் பிடுங்கினாள்.

"என்னடா இது, என் தம்பியச் சாகடிக்கப் போறியா?"

"அது ரெண்டாவது முடிவுக்கா."

"கையெழுத்து எங்க?"

"யோசிச்சிட்டிருக்கேன்."

நின்றபடியே முழுவதையும் படித்தாள்.

"அடுப்ப அணைச்சானா?"

"ஆமா."

"நாலு வருஷமா இத வயித்துக்குள்ளயே வச்சிருந்தியா?"

அவள் உட்கார்ந்தாள்.

"போடு. இல்ல, மாட்டேன்னு எழுது. கதை மட்டும் எழுதாத."

5

படிவத்தின் முன்பக்கத்தில் ஒரு கேள்வி: 'இவர் திரும்பி வருவதில் உங்களுக்கு அச்சம் உண்டா?' இரண்டு கட்டங்கள். உண்டு. இல்லை.

அவன் திருடுவான் என்ற அச்சம் இல்லை. திருட என்னிடம் எதுவும் இல்லை. படிக்கட்டில் எதிரே வந்து, 'ஏன்ணே சொல்லல?' என்று கேட்டால் நான்

அதற்குக் கட்டம் இல்லை.

அக்கா பேனாவை நீட்டியபடி இருக்கிறாள். இவ்வளவு தூரம் ஏறி வந்துவிட்டீர்கள், நீங்களும் இந்தக் கட்டடத்து ஆள்தான். எந்தக் கட்டம்? சீக்கிரம் சொல்லுங்கள், அவளுக்குக் கை வலிக்கும்.