சேலை கட்டிய சயாம் புத்தர்

என் பெண்டாட்டி ஆதியம்மாளுக்குக் கை சும்மா இருக்காது. கட்டிவைத்த மூட்டையைக் கண்டால் அவிழ்த்தே ஆக வேண்டும். அன்றைக்கு ஒருநாள் மட்டும் அந்தக் கையை அடக்கிக்கொண்டு இருந்திருந்தால், கோவளம் குப்பமே என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்காது. என் மானமும் காற்றில் பறந்திருக்காது.

நான் கோதண்டராமன் சாருடைய கடற்கரை பங்களாவில் வாட்ச்மேன். சார் பாங்காக்கில் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆகி வந்தவர். எழுபத்து நாலாம் வருஷம் பங்களாவுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டுவிட்டு, மகளைப் பார்க்க பம்பாய் கிளம்பினார். போகும்போது ஒரு கோணி மூட்டையை என்னிடம் கொடுத்தார்.

"சிங்காரம், இது சயாம் தேசத்து வெண்கல புத்தர். ரொம்பப் பழசு. எங்க பார்த்தாலும் சிலை திருட்டு. உன் வீட்டுல வை, யார் கண்ணுலயும் காட்டாதே. உன்னைத்தான் நம்பறேன்."

என்னை நம்புவதாக ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மூட்டையை வீட்டில் கொண்டுவந்து வைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிடப் போனால், புத்தர் மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருக்கிறார். நெற்றி நிறையக் குங்குமம். எதிரே கற்பூரம் எரிகிறது.

"அடிப்பாவி! இன்னாம்மே பண்ணி வெச்சிகீற?"

"உனுக்குக் கண்ணு இன்னா பூட்ச்சா? தல மேல பாரு, நெருப்பு எரியுது. ஆத்தாளுக்குத்தான் அப்பிடி இருக்கும். காது பாரு, தோள் வரிக்கும் தொங்குது. தோள் மேல முந்தானி வேற கீது. இத்தப் போயி ஆம்பளங்கிறியே!"

"புத்தர்மே! சயாம் புத்தர்!"

"சயாமுல ஆத்தா இப்பிடித்தான் இருப்பா. நீ போய்ப் பாத்தியா?"

அதற்குள் பக்கத்து வீட்டுச் செல்லம்மாவுக்குச் சேதி போய்விட்டது. அடுத்த நாள் பார்த்துத்தானா கடலும் மத்தி மீனை வலை கிழியக் கொட்டித் தொலைக்க வேண்டும்? அவ்வளவுதான், எல்லாம் ஆத்தா அருள் என்றார்கள். கூழ் வந்தது, வேப்பிலை வந்தது, உடுக்கை வந்தது. என் வீட்டில் நான் உட்கார்ந்து சோறு தின்ன இடமில்லை. குப்பத்துப் பெரியதனக்காரர் முனிசாமி தீர்த்துச் சொல்லிவிட்டார்: "ஆத்தாவ அனுப்ப மாட்டோம் சிங்காரம். சாராண்ட நாங்க பேசிக்கிறோம்." இவர்கள் என்ன பேசுவார்கள்? பதில் சொல்லப் போகிறவன் நான் அல்லவா!

பம்பாயிலிருந்து திரும்பிய சார் நேரே என் வீட்டுக்கு வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"எவன்கிட்டடா விலை பேசின? அமுக்கறதுக்கு ஊரைக் கூட்டி நாடகமா ஆடற? திருட்டுப் பயலே! போலீஸுக்குப் போறேன்."

அத்தனை பேர் முன்னால்.

"போலீசு வந்தாலும் ஆத்தா வர மாட்டா" என்றார் முனிசாமி.

"ஆத்தாளும் இல்ல, தாத்தாளும் இல்ல, இது புத்தர்யா! தலையில இருக்கறது ஞானச்சுடர். கையைப் பாருங்க. புத்தர் தவத்துல உட்கார்ந்தப்போ, இந்த இடத்தை விட்டு எழுந்திரு, உனக்கு யார் சாட்சின்னு மாரன்ங்கற அசுரன் மிரட்டினான். அவர் வலது கையை இறக்கி பூமியைத் தொட்டார். பூமியே சாட்சி, நான் எழுந்திருக்க மாட்டேன்னு அர்த்தம்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது இந்த வியாக்கியானத்தை இவரிடம் யார் கேட்டார்கள்?

முனிசாமி கையைத் தட்டினார். "கேட்டுக்குனீங்களா? எழுந்துக்க மாட்டேன்னு கையக் காட்டிகினு குந்திகீறா. சாரே சொல்ட்டாரு!"

பெண்கள் குலவை போட்டார்கள். "எல்லாம் இந்தத் திருடன் வேலை. இவனை உள்ளே தள்ளாம விட மாட்டேன்" என்று சார் வாசல் பக்கம் திரும்பினார்.

ஆதியம்மாள் எழுந்து வந்தாள். கத்தப் போகிறாள், இருக்கிற வேலையும் போச்சு என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. சாருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, வலது கையால் பட்டென்று தரையில் அறைந்தாள்.

"பூமாதேவி சாட்சி. எம் புருசன் திருடன் இல்ல. மூட்டைய அவுத்தவ நானு. பொடவ கட்னவ நானு."

எங்கள் குப்பத்தில் தரையில் அடித்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் ஒருத்தரும் பேச மாட்டார்கள். உடுக்கை நின்றது. ஆதியம்மாள் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். சார் அவள் கையைப் பார்த்தார். பிறகு சிலையின் கையைப் பார்த்தார். மறுபடி அவள் கையைப் பார்த்தார்.

அவளே போய்ப் புடவையை அவிழ்த்தாள். குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள், அதே முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். சிலையைக் கோணியில் சுற்றிச் சாரிடம் நீட்டினாள். முனிசாமி கூடத் தடுக்கவில்லை.

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார் சார். என்னிடம், "நாளைக்கு வேலைக்கு வந்துடு சிங்காரம்" என்றார்.

மானம் திரும்பி வந்தது. வீடு திரும்பி வந்ததா என்றால், அதுதான் இல்லை. விடிந்ததும் பார்க்கிறேன், நடு வீட்டில் செல்லம்மா கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். தரையில் வட்டமாகக் குங்குமம்.

"ஆத்தாதான் பூட்டாளே, இன்னும் இன்னா பேஜாரு?" என்று கத்தினேன்.

"மிதிக்காத அண்ணாத்த, சத்தியம் பண்ண எடம்" என்றாள்.

அப்புறம்தான் கவனித்தேன். குங்குமம் இருந்தது சிலை உட்கார்ந்திருந்த மூலையில் இல்லை. ஆதியம்மாள் கையால் அறைந்த இடத்தில். அவளோ எதுவும் தெரியாதவள் போல அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. ஆனாலும் அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். இன்றைக்கு வரைக்கும் அந்த இடத்தை நான் மிதித்ததில்லை.