பிரேக் பிடிக்கும்போது மட்டும்

தொண்ணூறில் போகும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் என் கைக்குள் நடுங்கியது. அல்லது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கை நடுங்கியது. இரண்டில் எது என்று மூன்று வாரமாக எனக்குத் தெரியவில்லை.

நான் பச்சைக் குழந்தைகள் வார்டில் நர்ஸ். நூல் தடிமன்கூட இல்லாத நரம்பில் ஊசி ஏற்றுவதுதான் இருபத்து நான்கு வருடமாக என் வேலை. என் அப்பாவுக்கு ஐம்பத்தோராம் வயதில் வலது கை ஆட ஆரம்பித்தது. எனக்கு இப்போது நாற்பத்தொன்பது. போன வாரம் ஒரு குழந்தைக்கு இரண்டு முறை குத்தியும் நரம்பு கிடைக்காமல் பக்கத்தில் நின்ற நர்ஸிடம் ஊசியைக் கொடுத்தேன். "கண்ணாடி மாத்தணும் போல" என்று சிரித்து வைத்தேன். என் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

வீட்டில் காரைப் பற்றி மட்டும் சொன்னேன். கணவர் மார்க்கெட் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆடவே இல்லையே. அழகா நிக்குது."

"வேகமாப் போனீங்களா?"

"கத்திரிக்கா வாங்கப் போறவன் எதுக்கு வேகமாப் போகணும்? நீ மிதிக்கிற மிதிக்கு ரோடே ஆடும்."

வேறு நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று கத்திரிக்காய்ப் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். காரில் ஒன்றும் இல்லை என்றால் மிச்சமிருப்பது நான்தான்.

கார் கெட்டுப் போயிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அங்கே மெக்கானிக்கை எல்லோரும் சோடாப்புட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு கனமான கண்ணாடி. நான் மட்டும் அண்ணே என்பேன்.

"என்ன ஆடுது சிஸ்டர்? ஸ்டியரிங்கா, சீட்டா, பெடலா? ஸ்டியரிங்னா முன் சக்கரம். சீட்டுன்னா பெரும்பாலும் பின்னாடி."

நான் பயந்துகொண்டிருந்த என் கை அவர் அடுக்கியதில் இல்லவே இல்லை.

"கையில தெரியுதுண்ணே" என்றேன்.

அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைத்தெருவில் நான்கைந்து முறை பிரேக் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார். "ஒண்ணும் தெரியலையே."

"பைபாஸ்ல போங்க. தொண்ணூறு தாண்டணும்."

பைபாஸில் தொண்ணூறைத் தாண்டியதும் பிரேக்கை அழுத்தி மிதித்தார். ஸ்டியரிங்கோடு சேர்ந்து அவருடைய தடித்த மணிக்கட்டு படபடவென்று அடித்தது. கடிகாரச் செயின் சலசலத்தது. என் கைகள் என் மடியில் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"காரு போச்சுன்னு சொன்னா அழுவாங்க, நீங்க சிரிக்கிறீங்க. உங்களை மாதிரி நாலு பேர் வந்தாப் போதும், நான் பொழைச்சுக்குவேன்."

திரும்பி வந்து முன் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்துக்குப் பின்னால் இருந்த பிரேக் டிஸ்க்கின் மேல் கடிகாரம் போல ஒரு கருவியின் முனையை வைத்து, டிஸ்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் போய்ப் போய் வந்தது.

"அஞ்சு கோட்டுக்குள்ள இருக்கணும். இது பதினாலு."

டிஸ்க்கைக் கழற்றியதும் அது உட்கார்ந்திருந்த இடத்தில் துரு பொருக்குப் பொருக்காக இருந்தது. விரலால் சுரண்டிக் காட்டினார். "போன வருஷம் புது டிஸ்க் போட்டவன் இதைத் தேய்க்காம மேலயே மாட்டிட்டான். அப்பத் தெரியாது. நல்லாத்தான் ஓடும். மயிரிழை கோணலாச் சுத்திச் சுத்தி ஒரு இடம் மட்டும் தேஞ்சு, இப்பதான் வெளியில காட்டுது."

'அப்பத் தெரியாது' என்ற சொல்லில் என் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவின் கை நடுக்கமும் வெளியே தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்றுதான் டாக்டர் சொன்னார்.

அந்த டிஸ்க்கும் மறுபக்கச் சக்கரத்து ஜோடியும் லேத் பட்டறைக்கு, கடைந்து சமமாக்கப் போயிருந்தன. கருவி மேசைமேல் சும்மா நின்றது. "அண்ணே, இதுல என் விரலை வெச்சுப் பாக்கலாமா?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் முனையை என் ஆள்காட்டி விரல் நகத்தின்மேல் இறக்கினார். முள் நிற்கவில்லை. மூச்சைப் பிடித்தேன். இன்னும் ஆடியது.

"நகருங்க" என்று தன் விரலை வைத்தார். அது என்னுடையதைவிட அதிகமாக ஆடியது. "காலையிலேர்ந்து ஆறு டீ" என்றார். "இது இரும்பை அளக்கிறது சிஸ்டர். ஆளை வெச்சா உளறும்."

எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஏமாற்றமாகவும் இருந்தது. எது முந்தியது என்று தெரியவில்லை.

துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கடைந்து வந்த டிஸ்க்குகளை மாட்டி மறுபடி அளந்தார். மூன்று கோடு. நட்டுகளை எதிரெதிராக ஒரே அளவில் முறுக்கி, "இப்ப நீங்க ஓட்டுங்க" என்றார்.

பைபாஸில் மிதித்தேன். கார் சத்தமில்லாமல் வேகம் குறைந்து நின்றது. மறுபடி மிதித்தேன். நடுக்கமே இல்லை. அப்படியானால் இத்தனை நாளும் கார்தான். ஆனால் கார் ஆடியது என்பதால் கை ஆடவில்லை என்று ஆகிவிடுமா? இரண்டு தடவை குத்தியபோது எனக்கும் குழந்தைக்கும் நடுவில் கார் எதுவும் இல்லையே. இனி எந்தச் சந்தேகத்தையும் தூக்கிக் காரின் தலையில் போட முடியாது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர், "அப்ப நிஜமாவே ஆடுச்சா?" என்று நம்பாமல் கேட்டார். மற்றதையும் சொல்லிவிட வாயெடுத்தேன். டிஸ்க்குக்கு ஆன செலவைத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்க அரை மணி முன்பே போனேன். இரண்டாம் மாடியில் நரம்பு டாக்டர் அறைக்கு வெளியே டோக்கன் கொடுக்கும் பெண் என்னைப் பார்த்ததும், "ரிப்போர்ட்டா அக்கா? உள்ள வெச்சிருங்க" என்றாள்.

"ரிப்போர்ட் இல்ல. ஒரு டோக்கன் போடு."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்ன பிரச்சனைன்னு எழுத?" என்றாள்.

"தெரியலன்னு எழுது" என்றேன்.