அமைச்சருக்குக் காய்ச்சல்

அந்தக் கூட்டணி அரசில் எல்லாமே இரண்டிரண்டு. அமைச்சர் ஒரு தரப்பு என்றால் துணை அமைச்சர் எதிர்த்தரப்பு. இருபது வருடம் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்கள் தலைநகர் வியஞ்சானில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நீர்ப்பாசன அமைச்சகத்தில் நான் தட்டச்சு வேலை பார்த்தேன். எந்தக் கோப்பானாலும் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அமைச்சர் ஃபோம்மாவை ‘ஐயா’ என்று கூப்பிட வேண்டும். காட்டிலிருந்து வந்த துணை அமைச்சர் சிங்கெட்டை ‘தோழர்’ என்று. அவசரத்தில் ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டேன். இருவருமே சிரித்தார்கள். அதெல்லாம் முதல் வருடம்.

பக்கத்து நாட்டில் சைகோன் கம்யூனிஸ்டுகள் கையில் விழுந்த செய்தி வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. தெருக்களில் ஊர்வலம், சுவர்களில் சில அமைச்சர்களின் பெயர்கள். மே மாதம் ஒரு காலை ஃபோம்மா அலுவலகம் வரவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பாவாடை ஓரத்தைப் பிரித்து, உள்ளே தங்கச் சங்கிலியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

“எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடும்மா,” என்றார் அமைச்சர். அவர் முகத்தில் காய்ச்சல் இல்லை. பயம்தான் இருந்தது.

அப்படியே போய்ச் சொல்லி, வருகைப் பதிவேட்டிலும் எழுதினேன். மறுநாள் போனபோது வீட்டில் சமையற்காரி கெயோ மட்டும் இருந்தாள். இருட்டோடு படகில் ஆற்றின் அக்கரைக்கு, தாய்லாந்துக்குப் போய்விட்டார்களாம். திரும்பி வந்து சிங்கெட்டின் அறையில் நின்றேன். வாயைத் திறப்பதற்குள் அவரே எழுந்து கதவைச் சாத்தினார்.

“இன்னும் காய்ச்சல்தானே?” என்றார்.

கையிலிருந்த கோப்பை அவர் மேசையில் வைத்தேன். அதை என் பக்கமே திருப்பித் தள்ளினார்.

“காய்ச்சல்தான். பதிவேட்டுல எழுது. தினமும் கோப்பைக் கொண்டுபோ, அரை மணி இரு, கொண்டுவா.”

அமைச்சர் இல்லையென்றால் கூட்டணி ஒப்பந்தம் செல்லாது, அவரைக் கண்காணிக்க வந்தவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று முதல் கேள்வி தன்னிடம்தான் வரும் என்று மெதுவாகச் சொன்னார். ஒரு சிகரெட் எரிந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றைப் பற்றவைத்தார். அவருக்கும் பயம் வரும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

மூன்றாம் நாள் அந்த வீட்டு வாசலில் காவல் போட்டுவிட்டார்கள். பச்சைச் சீருடையில் இரண்டு பேர். பாதுகாப்புக்காம். அவர்களைத் தாண்டி உள்ளே போய், காலி வீட்டில் கெயோவோடு உட்காருவேன். அவள் கஞ்சி காய்ச்சுவாள், வெளியே வாசனை போக வேண்டுமே என்று. அதை நாங்களே குடிப்போம். வெளியே பூட்ஸ் சத்தம் நின்றால் எங்கள் மூச்சும் நின்றுவிடும். அலுவலகம் திரும்பியதும் பதிவேட்டில் எழுதுவேன்: ‘அமைச்சருக்கு உடல்நலமில்லை. கோப்பு நிலுவை.’ கீழே என் கையெழுத்து.

ஒன்பதாம் நாள், காவலர்களில் மூத்தவன் என்னை வாசலில் நிறுத்தினான். மலைப்பக்கத்து ஆள், சாதுவான முகம். கையில் வாழை இலையில் சுற்றிய ஏதோ வேர்.

“அக்கா, இது எங்க ஊரு வேரு. எப்பேர்ப்பட்ட காய்ச்சலும் போயிடும். நானே உள்ள வந்து குடுக்கறேன்.”

“தூங்கறாருப்பா. எங்கிட்ட குடு.”

“ஒரு வாரமா இருமல் சத்தம்கூட கேக்கலியே அக்கா.”

அதைக் கேலியாகச் சொன்னானா, கவலையாகச் சொன்னானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வேரை வாங்கிக்கொண்டேன். அன்று உள்ளே உட்கார்ந்திருந்த அரை மணியில்தான் அது உறைத்தது. விஷயம் வெளியே வந்தால் யார் எழுத்து இருக்கிறது? எட்டு நாளும் என் எழுத்து. சிங்கெட் ஒரு வரிகூட எழுதவில்லை. வீட்டில் எனக்கு நான்கு வயதில் ஒரு மகள். அவள் அப்பா அமைச்சர் தரப்புப் படையில் இருந்தவர்; ‘அரசியல் வகுப்பு’ என்று தோழர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை.

நேரே சிங்கெட்டின் அறைக்குப் போய்ப் பதிவேட்டை அவர் முன் விரித்தேன்.

“அண்ணே, இன்னிக்கு நீங்க எழுதுங்க,” என்றேன். தோழர் என்று வரவில்லை.

என் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். என்னைப் பிடித்துக் கொடுக்க அவருக்கு ஒரு வார்த்தை போதும். பிறகு பேனாவை எடுத்தார். ‘அமைச்சரை நானே நேரில் பார்த்தேன். நலமில்லை’ என்று எழுதி முழுப்பெயரையும் போட்டார். அதோடு நிற்காமல், என் எட்டு வரிகளுக்கும் பக்கத்தில் ‘என் உத்தரவின்படி’ என்று ஒவ்வொன்றாக எழுதினார். அதை நான் கேட்கவில்லை.

நான்கு நாளில் அமைச்சர் வீட்டைச் சோதனை போட்டார்கள். பதிவேட்டை எடுத்துப் போனார்கள். என்னிடம் பெயரை மட்டும் கேட்டார்கள். ஜூன் மாதம் சிங்கெட்டை வடக்கே ‘படிக்க’ அனுப்பிவைத்தார்கள். டிசம்பரில் அந்த அரசே இல்லாமல் போயிற்று.

இடையில், மழை நாளொன்றில் சிங்கெட்டின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். கணவரிடமிருந்து கடிதம் இல்லை, அலுவலகத்தில் என்ன நடந்தது, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். ஒட்டரிசிச் சோற்றுக் கூடையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க,” என்றேன்.

அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். அடுத்த வாரமே மகளோடு நானும் ஆற்றைக் கடந்தேன்.