கடைசி இடம் வந்தால் முதல் ஆள்

மண்ணரை கால்பந்து அணியைத் திட்டுவதற்கென்றே ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு மைதானத்துக்கு வருகிறவர்கள் அப்போது திருப்பூரில் ஐம்பது பேராவது இருந்தார்கள். அவர்களில் பெரிய குரல் மாரக்காளுடையது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. வாரம் முழுக்கப் பனியன்களை விரித்துப் போட்டு, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று தேடித் தேடி ஒதுக்கித் தள்ளுவாள். ஞாயிற்றுக்கிழமை கோட்டோரம் நின்று அதே வேலையை ஆட்டக்காரர்களிடம் செய்தாள். அவள் புருஷன் அந்தப் பக்கமே வரமாட்டார். "இவ வையறத ஊட்லயே கேக்கறேன், அங்க வேற வந்து கேக்கோணுமா?" என்பது அவர் கட்சி.

அவள் பக்கத்தில் எப்போதும் நூருல்லா நிற்பார். அணியின் தலைவரான தண்டாயுதபாணியின் கம்பெனியிலேயே கட்டிங் மாஸ்டர். சோறு போடும் முதலாளியை வாய்விட்டுத் திட்ட முடியாது. ஆகவே திட்ட வேண்டியதை மாரக்காளின் காதருகே மெதுவாகச் சொல்வார். அவள் அதை மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொல்வாள். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து மூன்று வருஷம் கூட்டுத்தொழில் நடத்தினார்கள்.

தொழிலுக்குச் சரக்கு குறைந்ததே இல்லை. பனியன் தொழிலாளிகளுக்காக நடந்த அந்த லீக்கில் எட்டு அணிகள். பணமுள்ள அணி நல்ல ஆட்டக்காரர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்று நடத்துகிறவர்கள் ஒரு விதி வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் ஆட விரும்பும் புது ஆட்களை ஒருநாள் மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். எட்டு அணிகளும் முறை வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். போன வருஷம் கடைசி இடத்தில் வந்த அணிக்கு முதல் ஆளைக் கூப்பிடும் உரிமை. தோற்றவன் தேறி வரட்டும் என்று நல்ல மனசோடு செய்த ஏற்பாடு. தண்டாயுதபாணி கையில் அது கிடைக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

முதல் வருஷம் கடைசி இடம். தேர்வு நாளன்று அணியின் செயலாளரும் தண்டாயுதபாணியின் மச்சினனுமான சென்னியப்பன் கழுத்தில் தையல்காரரின் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு வந்தான். வரிசையில் நின்றவர்களை ஒவ்வொருவராக அளந்து, இருப்பதிலேயே உயரமானவனைக் கூப்பிட்டான். கூட்டம் அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்தது. அதுவரை அவன் ஆடியது வாலிபால். பந்து மேலே வந்தால் கால் அசையாது, இரண்டு கையும் தானாக எழும்பும். நடுவர் விசில் ஊதி ஊதி ஓய்ந்துபோனார்.

மறுவருஷமும் கடைசி. "கல்கத்தாவுல பொறந்தவனுக்குப் பந்தாட்டம் சொல்லிக் குடுக்கோணுமா?" என்று தண்டாயுதபாணியே ஒருவனைப் பிடித்து வந்தார். வடக்கத்தித் தொழிலாளிகளின் மெஸ்ஸில் சமையல் செய்கிறவன். தனக்கு ஆடத் தெரியாது என்று அவன் இந்தியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். சென்னியப்பன் அதைத் தன்னடக்கம் என்று மொழிபெயர்த்தான். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கடைசியில் அவனை கோல்கீப்பர் ஆக்கினார்கள். பந்து வேகமாக வந்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

மூன்றாம் வருஷம் முதல் ஆளாக வந்தவன் ஒரு சாயப்பட்டறை முதலாளியின் தம்பி மகன். தண்டாயுதபாணியின் துணி அந்தப் பட்டறைக்குத்தான் சாயத்துக்குப் போகும். பையன் அணியில் இருந்தால் துணி சீக்கிரம் திரும்பி வரும். பையனும் சீக்கிரம்தான். வெளிநாட்டு ஷூவில் மண் பட்டதும் சீக்கிரமாகக் கோட்டோரம் வந்து துடைத்துக்கொள்வான்.

இந்தக் கூட்டத்துக்கு உடுப்பு, கிறிஸ்துமஸ் ஆர்டரில் கழிந்துபோன சிவப்புப் பனியன். மார்பில் மான் படம். கழித்தவர்களில் மாரக்காளும் ஒருத்தி. தண்டாயுதபாணியின் சரக்கு அவள் கம்பெனி மூலமாகத்தான் கப்பலேறும். "கை ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டைன்னு நாந்தானுங்க பாய் தள்ளுனேன். அதைக் கொண்டாந்து நம்ம பசங்களுக்கு மாட்டி உட்ருக்கறாங்க பாருங்க" என்று அவள் நூருல்லாவிடம் சொன்னாள்.

"பனியனையாவது தள்ளுனாங்க மாரக்கா. ஆளத் தள்ள ஒருத்தரும் இல்லியே" என்றார் நூருல்லா.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டாயுதபாணி ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க வந்திருந்த பையர் ஒருவரை மைதானத்துக்கு அழைத்து வந்தார். ஊரில் நமக்கு எவ்வளவு ஆதரவு என்று அவருக்குக் காட்ட வேண்டும். சாமியானா, நாற்காலி, இளநீர் எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மண்ணரை மூன்று கோல் வாங்கியது. மூன்றாவது கோலுக்கு, கல்கத்தாக்காரன் உட்காரக்கூட இல்லை.

மாரக்காள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "பாத்தது போதும், திரும்புங்க எல்லாரும்" என்றாள். அவள் முதலில் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு கோட்டோரம் நின்ற மண்ணரைக்காரர்கள் அத்தனை பேரும் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அதுவரை கேட்ட வசவை விட அந்த அமைதி தண்டாயுதபாணிக்கு உறைத்தது. நூருல்லா என்ன செய்வதென்று தெரியாமல் பக்கவாட்டில் நின்றார். முதலாளி கேட்டால் ஆட்டம் பார்த்தேன் என்று சொல்லலாம், கூட்டம் கேட்டால் பார்க்கவில்லை என்று சொல்லலாம்.

ஜெர்மன்காரர் கேமராவை எடுத்து அத்தனை முதுகையும் படம் பிடித்தார். பிறகு, இது இந்த ஊர் வழக்கமா என்று கேட்டார்.

ஆட்டம் முடிந்ததும் தண்டாயுதபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மாரக்காளிடம் வந்தார். "ஏம்மா, உங்களுக்கெல்லாம் என்னதான் வேணும்? சும்மா நின்னு பாக்கறவங்களுக்கு டீம் நடத்தறதப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுங்க மொதலாளி. தெரிஞ்சவிய நடத்தறதத்தான் மூணு வருசமாப் பாக்கறமே."

கூட்டம் சிரித்தது. ஜெர்மன்காரர் அருகில் வந்து நின்றார். அவர் முன்னால் ரசாபாசமாகிவிடக் கூடாது என்று தண்டாயுதபாணி சட்டென்று குரலை இறக்கினார். "செரி. அடுத்த வருசம் மொத ஆள நீங்களே சொல்லுங்க. நான் கூப்புடறேன். போதுமா?"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள் மாரக்காள்.

"நான் ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான்" என்றார் தண்டாயுதபாணி.

யாரைக் கூப்பிட வேண்டும் என்பதில் கூட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. அவிநாசியிலிருந்து பெண்ணெடுத்த ஊரான மண்ணரைக்கே குடிவந்திருந்த ஜமால் என்ற தறி ஓட்டுகிறவன். பனியன் துணி பின்னும் தறியில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு, காலையில் ஆற்றோரப் பொட்டலில் ஆடுவான். இடது காலில் பந்து வந்து சேர்ந்தால் மூன்று பேர் சேர்ந்தாலும் பிடுங்க முடியாது. நூருல்லா அவனிடம் பேசி, அடுத்த தேர்வுக்கு வரிசையில் வந்து நிற்கச் சம்மதம் வாங்கினார்.

பிறகுதான் இருவருக்கும் ஒரு விஷயம் உறைத்தது. முதல் ஆளைக் கூப்பிட வேண்டுமானால் அணி கடைசி இடத்தில் இருக்க வேண்டும்.

அதில் பயப்பட ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தார்கள். லீக்கின் கடைசி ஆட்டம் மண்ணரைக்கும் அனுப்பர்பாளையத்துக்கும். அனுப்பர்பாளையம் ஏழாவது இடம். மண்ணரை ஜெயித்தால் மட்டுமே இடம் மாறும். மண்ணரை அந்த வருஷம் ஒரு ஆட்டம்கூட ஜெயித்திருக்கவில்லை.

"நம்ம டீமு தோக்கோணும்னு சாமி கும்புட்டுட்டு வர்றது எனக்கென்னமோ மாதிரி இருக்குதுங்க பாய்" என்றாள் மாரக்காள், அன்று மைதானத்துக்குள் நுழையும்போது.

"சாமியெல்லாம் எதுக்கு மாரக்கா? நம்மாளுங்களே போதும்" என்றார் நூருல்லா.

முதல் பாதியில் நம்மாளுகள் நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள். ஆனால் எதிரணியும் அதே லட்சணத்தில் ஆடியதால் கோல் எதுவும் விழவில்லை. இரண்டாம் பாதியில் மண்ணரைக்கு ஒரு கார்னர் கிடைத்தது. நெட்டையன் எதிரணி கோலுக்கு முன்னால் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தான். சாயப்பட்டறைப் பையன் உதைத்த பந்து யாரும் எதிர்பாராத ஒரு பக்கம் போனது. அந்த நேரம் பார்த்து நெட்டையன் நிமிர்ந்தான். பந்து அவன் பின்மண்டையில் பட்டு வலைக்குள் போனது. என்ன நடந்தது என்று தெரியாமல் அவன் மண்டையைத் தடவிக்கொண்டு, அடித்தது யாரென்று சண்டைக்குத் திரும்பினான்.

சாமியானாவுக்கு அடியில் தண்டாயுதபாணி எழுந்து நின்றார். சென்னியப்பன் வேட்டுச் சரம் எடுத்துவர ஆள் அனுப்பினான். கோட்டோரம் ஒரே அமைதி. பிறகு யாரோ ஒருவர் அடக்க முடியாமல் கத்தினார். யார் என்று மாரக்காள் திரும்பிப் பார்த்தாள். நூருல்லா.

"ஏனுங்க பாய்!"

"வாய் தானா வந்துருச்சு மாரக்கா" என்றார் அவர் பரிதாபமாக.

இன்னும் நேரம் இருந்தது. ஒரு கோல் வாங்கினால் போதும், ஜமால் கைக்கு வந்துவிடுவான். ஆட்டம் முடியும் தறுவாயில் நெட்டையன் தன் பக்கத்துக் கோலுக்கு முன்னால் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் பந்தைத் தட்டினான். பெனால்டி. மாரக்காள் கண்ணை மூடிக்கொண்டு, "போயிரு, உள்ள போயிரு" என்று முணுமுணுத்தாள். அனுப்பர்பாளையத்துக்காரன் ஓடிவந்து பலமாக உதைத்தான். கல்கத்தாக்காரன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். பந்து அவன் முழங்காலில் மோதி ரோட்டுக்கே போய்விட்டது.

மாரக்காள் கண்ணைத் திறந்தபோது இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தாள். நின்றதும் அழுகை வந்தது. ஜெயித்ததற்கா, ஜமால் போனதற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு வருஷமாகக் கெஞ்சியும் ஒரு பந்தைத் தடுக்காதவன், தடுக்கக் கூடாத ஒன்றைத் தடுத்திருந்தான். அவனை எப்படித் திட்டுவது என்றும் தெரியவில்லை. அவளுக்கு வார்த்தை கிடைக்காமல் போனது அன்று ஒருநாள்தான்.

அடுத்த வாரம் மண்ணரைச் சுவர்களில் போஸ்டர். 'கடைசி இடத்திலிருந்து முன்னேற்றப் பாதையில்! கால்பந்துக் காவலர் தண்டாயுதபாணிக்கு நன்றி!' கீழே சென்னியப்பனின் படம் தலைவரின் படத்தை விடக் கொஞ்சம் பெரிதாக அச்சாகிவிட்டது. இரண்டு பேருக்கும் அதில் மனஸ்தாபம் என்று நூருல்லா சந்தோஷமாகச் சொன்னார்.

தேர்வு நாள் வந்தது. முதல் உரிமை அனுப்பர்பாளையத்துக்கு. அவர்களுக்குக் கண் இருந்தது, ஜமாலைக் கூப்பிட்டார்கள். வரிசையிலிருந்து போகும்போது அவன் மாரக்காளைப் பார்த்து, என்ன செய்ய என்பது போலக் கையை விரித்தான்.

இரண்டாவது முறை மண்ணரைக்கு. நூருல்லா வேறொருவனையும் பார்த்து வைத்திருந்தார். வேகமாக ஓடுகிறவன், ஓட்டத்திலாவது ஜமாலுக்கு ஈடு கொடுப்பான். மாரக்காள் தண்டாயுதபாணியிடம் போனாள்.

"மொதலாளி, அந்தக் கறுப்பு டவுசர்க்காரனக் கூப்புடுங்க."

"உன்னை ஆரும்மா கேட்டாங்க?"

"சொன்னா சொன்னதுன்னு சொன்னீங்களே. அந்தச் சீமைக்காரரு முன்னால."

தண்டாயுதபாணி சிரித்தார். "மொத ஆளுன்னுதான சொன்னேன்? இது ரெண்டாவது ஆளு."

அவர் கூப்பிட்டது அவருடைய கம்பெனி வேனின் டிரைவரை. அணியில் சேர்த்துவிட்டால் ஆட்டக்காரர்களை மைதானத்துக்குக் கொண்டுவரத் தனியாக ஆள் தேட வேண்டாம் என்று சென்னியப்பன் யோசனை சொல்லியிருந்தான். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும். வரிசையில் நிற்கவில்லை, வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிச் சொன்னதும், "எங்கீங்க போகோணும்?" என்று சாவியை எடுத்தார்.

"வாங்க பாய், போலாம்" என்றாள் மாரக்காள். "இனி இந்தப் பக்கம் வந்தா என்னை ஏன்னு கேளுங்க."

அடுத்த லீக்கில் மண்ணரையும் அனுப்பர்பாளையமும் மோதிய ஞாயிற்றுக்கிழமை அவள் வந்திருந்தாள். நூருல்லா ஏன் என்று கேட்கவில்லை. பின்களத்தில் டிரைவரை நிறுத்தியிருந்தார்கள். ஜமால் பந்தோடு வந்தால் அவர் வண்டிக்கு வழிவிடுவது போல ஒதுங்கி நின்றார். இடது கால் ஒரு தரம் வளைந்தது. கல்கத்தாக்காரன் உட்கார்ந்து எழுவதற்குள் பந்து வலையில் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

மூன்றாவது கோலை ஜமால் நான்கு பேரைத் தாண்டிக்கொண்டு போய்ப் போட்டான். மண்ணரைக் கூட்டம் தலையில் கைவைத்து நின்றது. மாரக்காள் மட்டும் கைதட்டினாள், உள்ளங்கை சிவக்கும்படி. பக்கத்தில் நின்றவர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏக்கா, அது அனுப்பர்பாளையத்துக் கோலு!"

"நமக்கு வரவேண்டிய கோலுங்க. நான் தட்டாம வேற ஆரு தட்டுவா?" என்றாள் மாரக்காள். சாமியானாப் பக்கம் திரும்பி நின்று இன்னும் பலமாகத் தட்டினாள். நூருல்லா முதலாளி இருந்த திசையை ஒருமுறை பார்த்தார். பிறகு அவரும் தட்டினார்.